காலியானதற்குக் காரணம்

எல்லம்மா கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

தண்ணீரில் ஏதோ பளபளவென்று மிதந்தது. கவிழ்ந்த செம்பு.

கிழவர் மறுபடியும் செம்பைக் கிணற்றில் விட்டிருக்கிறார் என்று முனகிக்கொண்டே, பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். கொக்கி எதிலோ மாட்டியது. இழுத்தாள். கனத்தது. கிணற்றுச் சுவரில் காலை ஊன்றிக்கொண்டு இன்னும் இழுத்தாள்...

செம்பு மெல்லத் திரும்பியது.

அதற்குக் கண் இருந்தது. மூக்கு இருந்தது. கழுத்துக்குக் கீழே சட்டை இருந்தது!

கொக்கி மாட்டியிருந்தது சட்டைக் காலரில்.

அவள் போட்ட அலறல் பூந்தமல்லிக் கடைத்தெரு வரை கேட்டது.

1947, ஜனவரி 22. புதன்கிழமை. காலை ஏழரை மணி.

*

போலீஸ் கூப்பிட்டனுப்ப, ஒன்பது மணிக்கு ஜெயராமன் அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. வயது இருபத்தேழு. பி.ஏ. மனைவி இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து அவன் முகத்தில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கொடுத்த காகிதத்தில் முத்திரை குத்துவான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வான். அவ்வளவுதான்.

கூடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் நாகப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதம் தொங்கியது. அதற்கும் சந்தனப் பொட்டு.

"இன்னாய்யா இது, உங்க ஆபீஸ் உத்தரவை சாமி கூட மாட்டி வச்சிகீறான்?"

"சனிக்கிழமை கொடுத்த உத்தரவு சார். இவரைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட மனு தள்ளுபடி."

"செத்தவனை உனக்குத் தெரியுமா?"

"செங்கல்வராயன். ரயில்வேல கார்டா இருந்து ரிடையர் ஆனவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வாரத்துக்கு மூணு நாள் எங்க ஆபீசுக்கு வருவார்."

"எதுக்கு?"

"சட்டம் பேச."

நாகப்பன் சிரிக்கவில்லை. கொல்லைப்புறத்துக்கு நடந்தார். ஜெயராமன் பின்தொடர்ந்தான். பிணத்தைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். பின்மண்டையில் ஒரு பிளவு. செத்து இரண்டு மூன்று நாள் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மரச்சட்டம் மட்டும் நின்ற கிணற்றை நாகப்பன் காட்டினார்.

"ராட்டினம் எங்க?"

ஓரமாக உட்கார்ந்திருந்த எல்லம்மா பதில் சொன்னாள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் அவள்தான்.

"ஊட்டுக்கார பாய் கயட்டிக்கினு பூட்டாருங்க. கார்த்திகை மாசமே. ஓடு கூட ரெண்டு வரிசை எடுத்துட்டாரு. அப்பவாச்சும் கெழவரு காலி பண்ணுவாருன்னு பாத்தாரு. இவரா? ஒழுகற எடத்துல கொடையைப் புட்ச்சிகினு குந்திகினு இருந்தாரு."

"முந்தாநாளு நேத்தெல்லாம் நீ வரலியா?"

"வந்தேன் சார். பின்கதவு சும்மா சாத்திக் கெடந்துச்சு, ஆளைக் காணோம். பட்டணத்துக்குப் போயிட்டாரு, கவர்னரு கையில பாயைப் பத்தி மனு குடுக்கன்னு நெனச்சேன். ரெண்டு நாளும் கொழாத் தண்ணியிலதான் ஏனம் கெழுவுனேன். கெணத்தாண்ட போவவே இல்ல. இன்னிக்குக் கொழாய் வரலைன்னுதான் போனேன்."

நாகப்பன் ஜெயராமன் பக்கம் திரும்பினார்.

"இந்த ராட்டின விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"புகார் வந்தது. திருப்பி மாட்டச் சொல்லி உத்தரவு போட்டோம்."

"மாட்டினாரா?"

"இல்லை."

"அப்புறம்?"

"இன்னொரு உத்தரவு போட்டோம்."

நாகப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிள் வேம்புலியைக் கூப்பிட்டார்.

"தோல் மண்டிக்குப் போ. ஷவுகத் அலி பாயை இட்டுகினு வா. வரலைன்னா தூக்கிகினு வா."

"எதுக்கு சார் பாயை?" என்றான் ஜெயராமன்.

"ஊர்ல எந்தக் கிணத்துலய்யா இருக்கே நீ? சனிக்கெழமை சாயங்காலம் கடைத்தெருவுல நின்னுகினு பாய் இன்னா சொன்னாரு தெரியுமா? 'அந்த ஆளு பொணமாத்தான் என் ஊட்டை வுட்டுப் போவான்.' இருவது பேரு கேட்டுருக்காங்க. இருவதும் சாட்சி. இது கேசே இல்ல. பெருமாள் கோயில் பொங்கல் மாதிரி கையில வந்து வுழுந்துகீது."

வாசலில் கூட்டம். அதைப் பிளந்துகொண்டு ஒரு சைக்கிள் மணி அடித்தது. ரேஷன் இன்ஸ்பெக்டர் சம்பத். ஜெயராமனின் அறைத்தோழன். சத்திரத்து மாடியில் எட்டடிக்கு எட்டடி அறையில் இருவரும் ஆறு மாதமாக ஒன்றாக இருக்கிறார்கள்.

"இன்னா நைனா, மெய்தானா? கெழவன் கெணத்துல தண்ணி கம்மின்னு பாக்க உள்ளயே எறங்கிட்டானா?"

"கொலைன்னு சொல்றாங்க."

சம்பத் உச்சுக்கொட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அப்போ ஊடு காலி."

"காலிதான்."

"லிஸ்ட்ல நான்தானே மொதல்ல?"

"நீதான்."

"ஆண்டவன் கண்ணைத் தொறந்துட்டான்டா. மூணு ரூம். அதுல ரெண்டைக் கெழவன் பூட்டியே வச்சிருந்தான்." சம்பத் வீட்டை நிமிர்ந்து பார்த்தான். "இந்தத் தடவையாச்சும் படிவத்தைத் திருப்பி அனுப்பிடாத, சாமி. குமணன்சாவடி ஊடு அப்படித்தான் போச்சு. கரையான்சாவடி ஊடும் அப்படித்தான் போச்சு. ஏதோ ஒரு கட்டத்தை நெரப்பலைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினியே, நீ எனக்கு தோஸ்தா, எமனா?"

"கட்டம் காலியா இருந்தா படிவம் செல்லாது. விதி."

"தெரியும். தெரியும்."

அவன் மனைவி ராணியும் இரண்டு வயதுக் குழந்தையும் அரக்கோணத்தில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய ஓர் அறையில். பூந்தமல்லியில் வீடு கிடைத்தால்தான் அழைத்து வர முடியும். வீடு எங்கே கிடைக்கிறது? ஜப்பான் குண்டுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போகவில்லை. ஆவடியில் பட்டாளம் இறங்கியதிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக்கூட முன்பணம் கேட்டார்கள்.

*

பதினோரு மணிக்கு ஷவுகத் அலி லாக்கப்புக்குள் இருந்தார்.

அறுபது வயது. கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் தோலுக்குப் போடும் காவிச் சாயம். வெளியே மர பெஞ்சில் அவர் மகள் ஜஹானாரா. தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பவள். நிறைமாதம். அடிக்கடி முதுகை நிமிர்த்தி மூச்சு வாங்கினாள்.

நாகப்பன் கேட்டபடி வழக்குக் கட்டை ஜெயராமன் மேஜையில் வைத்தான்.

"பாய், சொன்னியா இல்லியா?" என்றார் நாகப்பன்.

"சொன்னேன்."

"வேம்புலி, எழுதிக்கோ. சொன்னேன்னு சொல்றாரு."

"முழுசா எழுதிக்கச் சொல்லுங்க சார். நான் சொன்னது முழுசும் எழுதுங்க. 'அந்த ஆளு பொணமாத்தான் என் ஊட்டை வுட்டுப் போவான். அப்பவும் ஊடு என் கைக்கு வராது.' இதுதான் நான் சொன்னது. கடைத்தெருவுக்குப் பாதிக் காதுதான் சார். மொதல் பாதியைக் கேட்டுச்சு. பின்பாதியைக் கேக்கலை."

"நல்லாத்தான் ஜோடிக்கிறே. செத்தா ஏன் வராது? உன் ஊடு, உன் பட்டா."

ஷவுகத் அலி ஜெயராமனைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லு. சனிக்கிழமை என்கிட்ட இன்னா சொன்னே?"

சனிக்கிழமை சொன்னது ஜெயராமனுக்கு நினைவிருந்தது. சொல்லும்போது அது யாரையும் தொடும் என்று அவன் நினைக்கவில்லை.

"தீர்ப்பு வந்ததும் பாய் என் மேஜைக்கு வந்தார் சார். 'அந்த ஆளுக்கு அறுபத்தஞ்சு வயசு. நாளைக்கே மவுத்தானா ஊடு எனக்குத்தானே?'ன்னு கேட்டார். இல்லைன்னேன்."

"ஏன்?"

"குடியிருந்தவருக்கு வாரிசு இருந்தா அவங்க தொடரலாம். இவருக்கு யாரும் இல்லை. அப்போ வீடு காலின்னு அர்த்தம். காலியான வீட்டை வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகைக்கு விட முடியாது. தானே குடிபோகவும் முடியாது. ஒரு வாரத்துக்குள்ள எங்க ஆபீசுக்கு எழுதித் தரணும். வீடில்லாத அரசாங்க உத்தியோகஸ்தர் பட்டியல் ஒண்ணு இருக்கு. அதுல முதல் ஆளுக்குப் போகும். அதே பன்னிரண்டு ரூபாய் வாடகைக்கு."

"அதே பன்னெண்டு ரூபாக்கா?"

"நியாய வாடகை. நாங்க நிர்ணயிச்சது."

நாகப்பன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கேட்டியா சார்?" என்றார் ஷவுகத் அலி. "கெழவன் உசுரோட இருந்தாலும் பன்னெண்டு. செத்தாலும் பன்னெண்டு. உசுரோட இருந்தா என்னிக்காச்சும் மேலே அப்பீல் போய் என் மவளுக்காவக் கேக்கலாம். செத்துட்டா சர்க்காரு ஆளு வந்து குந்திக்குவான். அவனை எந்தக் கோர்ட்டுலப்பா எழுப்பறது? அந்தக் கெழவன் நூறு வயசு வாழணும்னு நான் அஞ்சு வேளையும் துவா கேக்கணும் சார். நானா தள்ளுவேன்?"

பெஞ்சிலிருந்து ஜஹானாரா பேசினாள். நிதானமாகப் பேசினாள்.

"எங்க அத்தா ராட்டினத்தைக் கயட்டினது தப்புதான். ஓட்டை எடுத்ததும் தப்பு. அதுக்கு ஜெயில்ல போடுங்க. செய்யாததுக்குத் தூக்குல போடாதீங்க. நான் மண்டி மாடியில படுத்துகினு கீறேன் சார். கீழ பச்சைத் தோலு. அந்த நாத்தத்துல ஒரு வாய் சோறு எறங்கல. சொந்த ஊட்டுல ஒரு ரூம் குடுங்கன்னு கேட்டோம். மண்டி மாடி உங்களுதுதானே, அங்க இருங்கன்னு இவங்க ஆபீஸ் தீர்ப்பு எழுதுச்சு."

ஜெயராமன் தரையைப் பார்த்தான். அந்தத் தீர்ப்பை டைப் அடித்தவன் அவன்.

"சரி," என்றார் நாகப்பன். குரலில் பழைய மிதப்பு இல்லை. "பாய்க்கு லாபம் இல்லைன்னே வச்சிக்கோ. கெழவன் பூட்டான்னா வேற எவனுக்குய்யா லாபம்?"



சட்டத்தில் அதற்குப் பதில் இருந்தது. ஜெயராமன் அதைச் சற்று முன்புதான் தன் வாயாலேயே சொல்லியிருந்தான்.

முதல் ஆளுக்கு!

"சார்... நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்."

"எதுக்கு?"

"ஒரு காகிதம் பாக்கணும்."

நாகப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"நானும் வரேன்."

*

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். யாரும் இல்லை.

யாரும் இல்லை என்றா சொன்னேன்? ஜெயராமனின் மேஜைக்கு எதிரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சம்பத்.

நாகப்பன் வாசலில் பீடி பற்றவைக்க நின்றுவிட்டார். ஜெயராமன் மட்டும் உள்ளே போனான்.

"வா நைனா. உனக்காகத்தான் காத்துகினு கீறேன். சாப்ட்டியா?"

"இல்லை."

"திங்கக்கெழமை காலைல ஒரு படிவம் குடுத்தேனே, நெனவு கீதா?"

ஜெயராமனுக்கு நினைவில்லை. திங்கட்கிழமை நாற்பது காகிதம் வந்திருக்கும். நாற்பதிலும் முத்திரை குத்தினான். ஒன்றையும் படிக்கவில்லை. எட்டு மாதமாக அவன் எதையும் படிப்பதில்லை.

"அதுல ஒரு தப்பு பண்ணிட்டேன். திருப்பிக் குடு. இப்ப இந்த ஊடு காலியாகிடுச்சுல்ல, புதுசா ஒண்ணு எழுதித் தரேன்."

"முத்திரை குத்தினதைத் திருப்பித் தர முடியாது."

"தோஸ்துக்குக் கூடவா?"

"என்ன தப்புன்னு பாக்கறேன்."

"வேணாம்டா, நீ எதுக்குப் பாக்கறே... நானே தேடி எடுத்துக்கறேன்."

சம்பத்தின் கை மேஜை மேலிருந்த காகிதத் தட்டுக்கு நீண்டது. ஜெயராமனின் கை முந்திக்கொண்டது. மேலிருந்து பதினேழாவது காகிதம். வீடு ஒதுக்கீட்டு மனு. சம்பத்தின் குண்டு குண்டான கையெழுத்து. வலது மூலையில் ஊதா முத்திரை. 20 ஜனவரி. திங்கட்கிழமை.

ஜெயராமன் படித்தான். எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு காகிதத்தை முழுசாகப் படித்தான்.

"சம்பத்."

"இன்னா?"

"மூணாம் கட்டம். வீட்டின் விலாசம். செங்கல்வராயன் வீட்டை எழுதியிருக்கே."

"அ... அது..."

"ஏழாம் கட்டம். காலியான தேதி. ஜனவரி 19. ஞாயிறு."

சம்பத் எழுந்தான்.

"எட்டாம் கட்டம். காலியானதற்குக் காரணம்..." ஜெயராமனின் குரல் அப்போதும் உயரவில்லை. "'குடியிருந்தவர் மரணம்'னு எழுதியிருக்கே. பிணம் மிதந்தது இன்னிக்குக் காலைல. திங்கட்கிழமை பத்து மணிக்கு உனக்கு யார் சொன்னது?"



சம்பத் ஜன்னலைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கடைசியில் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்போது அவன் சிரித்த சிரிப்பு சிரிப்பாக இல்லை.

"ரெண்டு தடவை திருப்பி அனுப்பினே. ரெண்டு தடவையும் இதே எட்டாம் கட்டம். காரணம் எழுதலைன்னு. இந்தத் தடவை ஒரு கட்டம் வுடலை பாத்தியா?"

"பாத்தேன்."

"எல்லம்மா திங்கக்கெழமை காலைல தண்ணி சேந்துவா, கத்துவா, ஒம்பது மணிக்கு ஊரு கூடிடும், பத்து மணிக்கு நான் படிவம் குடுத்தா கணக்கா இருக்கும்னு நெனச்சேன். சத்திரத்துலேருந்து நேரா இங்கதான் வந்தேன், கடைத்தெரு பக்கம் போவல. அவ கொழாத் தண்ணியைப் புட்ச்சிகினு பூட்டா. நடுவுல படிவத்தைத் திருப்பிக் கேட்டா நீ படிச்சிடுவேன்னு வுட்டுட்டேன். பொணமும் மூணு நாளு உள்ளயே குந்திகினு இருந்துச்சு. செத்தப்பறமும் காலி பண்ணலைடா கெழவன்."

"ஏன்டா பண்ணினே?"

"நீ கேக்கறியா?" சம்பத்தின் உதடு கோணியது. "ஞாயித்துக்கெழமை ரேஷன் கார்டு சரிபாக்கப் போனேன். அண்ணாத்தே, ரெண்டு ரூம் சும்மாத்தானே பூட்டிக் கெடக்குது, ஒண்ணைக் குடு, பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிகினு வரேன்னு கெஞ்சினேன். கால்ல வுழுந்தேன்டா. கெழவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'உள்வாடகை வுட்டா சட்டப்படி என்னையே வெளியேத்தலாம். பாய்க்கு அந்த சான்ஸை நான் குடுப்பனா?' அப்படின்னு சொல்லி, செவுத்துல மாட்டியிருந்த உங்க உத்தரவைப் படிச்சுக் காட்டினான். மொத வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும். நான் நின்னுகினே கேட்டேன்."

"அப்புறம்?"

"படிச்சு முடிச்சதும் தொண்டை காஞ்சுபோச்சு அவனுக்கு. தம்பி, உனக்கும் ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேட்டான். கெணத்தாண்ட போனான். ராட்டினம் இல்ல. குனிஞ்சுதான் சேந்தணும். குனிஞ்சான்..."

சம்பத் தன் வலது கையைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருவனுடைய கையைப் பார்ப்பது போல.

"ஒரு கைதான் வச்சேன். உள்ள போறப்ப செவுத்துக் கல்லுல மண்டை இடிச்சுது. சத்தம் கூட போடல. எப்பவும் வாய் ஓயாம பேசற ஆளு."

"பாய்க்குத் தூக்கு விழுந்திருக்கும்டா."

"ஊர்ல எல்லாருக்கும்தான் ஏதோ ஒண்ணு வுழுது. எனக்கு மட்டும் ஊடு வுழல." அவன் முன்னால் சாய்ந்தான். "ஜெயராமா. அந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போடு. ராணி இந்த மாசம் எழுதின கடுதாசி உனக்குப் படிச்சுக் காட்டினேனே. தொழுவத்துக் கொசுவுல புள்ளைக்குக் காய்ச்சல்னு. பொண்டாட்டிய ஒண்ட எடமில்லாம வச்சிருக்கறது இன்னான்னு உனக்குத் தெரியாதா? உனக்கா தெரியாது?"

அது ஜெயராமன் தலையில் விழுந்தது.

காற்றில்லாத ஒற்றை அறை. ஐப்பசி மழையின் ஈரம் ஊறிய சுவர். அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்து இருமிக்கொண்டிருந்த முதுகு. அவனுக்குத் தெரியும்.

காகிதத்தை இரண்டு விரலால் பிடித்தபடி அவன் அசையாமல் நின்றான். கிழிக்க ஒரு நொடி போதும். கிழித்தால் அரக்கோணத்துத் தொழுவத்திலிருந்து ஒரு பெண்ணும் குழந்தையும் மூன்று அறை வீட்டுக்கு வருவார்கள். கிழிக்காவிட்டால்தான் காவிச் சாயம் படிந்த அந்த விரல்கள் கம்பியை விடும்.

"தெரியும்," என்றான். "அதனாலதான் கிழிக்க முடியலை. நான் யாரையும் கிணத்துல தள்ளலையே."

வாசல் தட்டிக்குப் பின்னாலிருந்து பீடி வாசனை வந்தது.

"நல்லாப் படிச்சேய்யா குமாஸ்தா," என்றார் நாகப்பன், உள்ளே நுழைந்துகொண்டே. "அந்த எட்டாம் கட்டத்தை மட்டும் இன்னொரு தபா படி. வேம்புலி எழுதிக்கணும்."

*

சாயங்காலம் நாலு மணி.

ஸ்டேஷன் வாசலில் ஷவுகத் அலி செருப்பை மாட்டிக்கொண்டார். ஜஹானாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உனக்கு நான் இன்னா கைம்மாறு செய்வேன்," என்றார். "ராட்டினத்தை இன்னிக்கே மாட்டிடறேன். ஓட்டையும் போட்டுடறேன். அப்புறம்... என் மவளை எப்ப அங்க கூட்டிகினு போலாம்?"

ஜெயராமன் கையில் பசை டப்பாவும் ஓர் அச்சடித்த நோட்டீசும் இருந்தன.

"போக முடியாது பாய். வீடு காலி. நோட்டீஸ் ஒட்டத்தான் போறேன். பட்டியல்ல இருக்கறவங்களுக்குத்தான்."

"மொதல் ஆளுதான் உள்ள போயிட்டானே தம்பி."

"அடுத்த ஆள் இருக்கார்."

ஜஹானாரா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தச் சட்டம் வாடகைக்கு இருக்கறவங்களைக் காப்பாத்த வந்துச்சுன்னு சொன்னாங்க," என்றாள். "வாடகைக்கு இருந்தவரு செத்துட்டாரு. ஊடு வச்சிருக்கற எங்களுக்கு ஊடு இல்ல. ஊடு கேட்டவன் ஜெயிலுக்குப் போறான். இது யாரைத்தான் காப்பாத்துச்சு சார்?"

ஜெயராமன் பசை டப்பாவை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

தகப்பனும் மகளும் தோல் மண்டி இருந்த தெருப்பக்கம் திரும்பி நடந்தார்கள். மெதுவாக. அவளால் வேகமாக நடக்க முடியாது.

வீட்டைப் பூட்டி சீல் வைக்க நாகப்பனும் கூடவே வந்தார். கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அந்த லிஸ்ட்டுல என் பேரும் கீதுல்ல?"

"இருக்கு சார். மூணாவது."

"ஸ்டேஷன் பின்னாடி ஒத்தை ரூம். அஞ்சு புள்ளைங்க. ஒருத்தன் திரும்பிப் படுத்தா எல்லாரும் திரும்பிப் படுக்கணும்." நாகப்பன் பெருமூச்சு விட்டார். "மொத ஆளை நானே உள்ள தள்ளிட்டேன். ரெண்டாவது யாருய்யா?"

"நான்தான் சார்."

நாகப்பன் நின்றுவிட்டார்.

"நீயா? ஒண்டிக்கட்டை நீ. உனக்கு எதுக்குய்யா மூணு ரூம் ஊடு?"

"மனு போட்டப்ப ரெண்டு பேர் இருந்தோம்."

"எப்ப போட்டே?"

"போன சித்திரைல. பழைய பட்டியல். புதுச் சட்டம் வந்ததும் அப்படியே இதுல ஏத்திட்டாங்க. அப்ப நான் ஒம்பதாவது. அவ போனதுக்கப்புறம் யாரும் பேரை அடிக்கலை. நானும் அடிக்கலை."

தெருவில் ஒரு மாட்டு வண்டி திருவேற்காட்டுப் பக்கம் போனது. அது போய் மறையும் வரை இருவரும் நின்றார்கள்.

"விட்டுக் குடுத்துடேன்யா," என்றார் கடைசியில். மெதுவான குரலில். "அஞ்சு புள்ளைங்க."

"யோசிக்கறேன் சார்."

"எத்தினி நாளு யோசிப்பே?"

"ஒரு வாரம் டயம் இருக்கு."

செங்கல்வராயன் வீட்டுக்குப் போகிற சந்து வந்தது. இரண்டு பக்கமும் உயரமான சுவர். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஆள் நடமாட்டம் இல்லை.

நாகப்பன் ஒதுங்கி நின்று கையைக் காட்டினார்.

"நீ முன்னால நட."

ஜெயராமன் நகரவில்லை.

"இல்லை சார். நீங்க முன்னால நடங்க."

"ஏன்யா?"

"மன்னிச்சுக்குங்க. பட்டியல்ல எனக்கு அடுத்த ஆளை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு நடக்கறதில்லைன்னு இன்னிக்கு மத்தியானம்தான் முடிவு பண்ணினேன்."